நத்தையின் ஈரல்

பிர்னோவில் ஆகஸ்டு மழை விட்டதும்
திங்கட்கிழமைகளில் நாலு மணிக்கு
அருங்காட்சியகத்தின் பின்வாசல் அறையைத் திறப்பேன்.
ஒரு மேசை, பழைய செய்தித்தாள், பூதக்கண்ணாடி.
வரிசையாகக் கூடைகள்,
கூடைக்குள் ஈரக் காடு.

இதைத் தின்னலாமா?
எல்லோரும் கேட்பது இவ்வளவுதான்.
பதினொரு வருஷமாக.

அன்று முன்னால் நின்றவர் போஹுஸ்லாவ்.
டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
அறுபத்தாறு வயதில்
முதன்முதலாகக் காளான் பொறுக்கப் போனவர்.
கூடையில் கைக்குட்டை விரித்து
மூன்றே மூன்று வைத்திருந்தார்.
மூன்றும் ஓரம் கடிபட்டவை.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:
"நத்தை தின்றிருக்கிறது. அப்படியென்றால்
மனுஷனும் தின்னலாம்தானே?"

பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிற பதில்.
எனக்கு இடுப்பு வலி, காபி ஆறிப்போயிருந்தது,
இதெல்லாம் ஒரு காரணமா, தெரியவில்லை.
"தின்னலாம்" என்றேன்,
"உங்களுக்கு இருப்பது நத்தையின் ஈரல் என்றால்."

வரிசை சிரித்தது.
நல்ல நகைச்சுவைதான், இப்போதும் சொல்வேன்.
அவரும் சிரித்தார்,
காது மட்டும் சிவந்திருந்தது.
கைக்குட்டையின் நாலு முனையையும் முடிந்துகொண்டு
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.
நான் பதிலே சொல்லவில்லை என்பது
எனக்கு உறைக்கவில்லை.

புதன் இரவு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி.
சமைத்த மிச்சத்தை ஒரு டப்பாவில் வைத்திருந்தார்கள்.
வெண்ணெய், வதங்கிய வெங்காயம்,
நடுவே வெளுத்த செதில் ஒன்று.
அயோடின் சொட்டு விட்டதும்
வித்துகள் நீலம் பாரித்தன.
அவராக இருக்கக் கூடாது,
அவராக இருக்கக் கூடாது.

அவர் இல்லை.

ராட்மிலா. பேக்கரியில் இரவு வேலை.
பிழைத்துக்கொண்டாள்,
ஈரல் யோசித்து முடிவெடுக்கப்
பத்தொன்பது நாள் ஆயிற்று.
போய்ப் பார்த்தபோது கண்ணில் மஞ்சள் மிச்சமிருந்தது.
பச்சைப் புறாக்காளான் என்று நினைத்தாளாம்.
தண்டைக் கத்தியால் மேலாக அறுத்திருக்கிறாள்.
மண்ணுக்குள் அது நிற்கும் வெள்ளைப் பை
அவள் கண்ணில் படவே இல்லை.
"நல்ல ருசி" என்றாள், வெட்கப்பட்டு.

"கொண்டு வந்து காட்டியிருக்கலாமே."

"வந்தேனே.
திங்கட்கிழமை, ஐந்தாவதாக நின்றேன்.
நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள்,
நானும் சிரித்தேன்.
என் கேள்வி
அவர் கேள்வியைவிடச் சின்னது."

அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள்.
நான் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன்,
உரித்துக்கொண்டே இருந்தேன்.

போஹுஸ்லாவ் பிறகு வரவில்லை.
விலாசம் கிடையாது.
நிறுத்தங்களில் முகம் தேடுகிறேன்.
அவருக்குரிய பதில் என் பையிலேயே கிடக்கிறது:
கூடாது. நத்தைக்கு ஒன்றும் ஆகாது, நமக்கு ஆகும்.
பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.
கேட்டது நல்லதாயிற்று.
நாலே வரி. காபி ஆறுவதற்குள்
சொல்லி முடித்திருக்கலாம்.

நேற்றுத் திங்கள்.
ஒருவர் பிளாஸ்டிக் பையில்
நசுங்கிய கூழைக் கொண்டு வந்து
இது என்ன வகை என்றார்.
நாக்கு நுனிக்கு ஒரு நகைச்சுவை வந்தது,
நல்ல ருசியுள்ளது.
திருந்திவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்,
விழுங்கினேன், அவ்வளவுதான்.
அவருக்குப் பின்னால் எண்ணினேன், ஆறு பேர்.
ஆறாவது ஆள்
கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
கதவுக்கும் எனக்கும் நடுவே நின்றார்.

கூழைச் செய்தித்தாளில் பரப்பினேன்.
"அடுத்த முறை காகிதப் பையில்,
அடியோடு தோண்டி எடுத்து வாருங்கள்,
அந்த அடிதான் எனக்கு எல்லாம் சொல்லும்" என்றேன்,
கொஞ்சம் உரக்க,
கதவு வரைக்கும் கேட்கும்படி.